ஜன்னலுக்கு இடப்பக்கம்

ஏசி மாட்டும் ஒப்பந்தக்காரனின் மனைவிக்கு அக்கம்பக்கத்தில் 'ஆபீஸ்' என்று பெயர். சாப்பாட்டு மேசையின் ஒரு மூலை, இரண்டு கைபேசிகள், அவள். அவ்வளவுதான் ஆபீஸ். கல்யாணத்துக்கு முன் துணிக்கடையில் பில் போட்டவள்.

முன்பெல்லாம் புது ஆள் கூப்பிட்டால் கணவன் நேரில் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு வருவான். அதிலேயே பாதி நாள் போய்விடும். இப்போது அவள் ஒரு லிங்க் அனுப்புகிறாள். கூப்பிட்டவர் தாமே விவரம் நிரப்பி, துளை போட வேண்டிய இடத்தைப் படமெடுத்து, விரலால் கையெழுத்திடுகிறார். அவள் பார்த்து 'சரி' அழுத்தினால் வேலை கணவனுக்குப் போய்விடும். கொழுந்தன் செய்து கொடுத்த ஏற்பாடு.

"ஆளையே பார்க்காம ஒருத்தர் வீட்டுச் சுவத்துல எப்படித் தம்பி ஓட்டை போடறது?" என்று அப்போதே கேட்டாள்.

"போட்டோவைப் பார்த்துக் கல்யாணமே பண்றாங்க அண்ணி. இது சுவருதானே."

அன்று காலை, கணவன் வேலைக்குப் போன பிறகு, சரி சொல்லி அனுப்பிய படத்தைச் சும்மா திறந்தாள். வாடிக்கையாளர் தன் முகமும் விழும்படி எடுத்திருந்தார். சிரித்துக்கொண்டே பின்னால் கையை நீட்டிச் சுவரைக் காட்டினார். ஜன்னலுக்கு இடப்பக்கம். அவளும் கணவனுக்கு அப்படித்தான் எழுதி அனுப்பியிருந்தாள். படத்தின் கீழே அவர் குறிப்பு: 'ஜன்னலுக்கு மறுபக்கத்தில் கரண்ட் மெயின் லைன் சுவருக்குள் இறங்குகிறது, கவனம்.'

அவர் பனியனில் இருந்த 7 திரும்பி நின்றது.

படத்தை விரலால் பெரிதாக்கினாள். முன்பக்கக் கேமரா. கண்ணாடியில் தெரிவதுபோல் எல்லாமே இடம் மாறியிருந்தது. அப்படியானால் இடப்பக்கம்தான் லைன்.

கணவனைக் கூப்பிட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. திரும்பக் கூப்பிட்டாள். துளை போடும் மிஷின் ஓடும்போது அவனுக்கு இடி விழுந்தாலும் கேட்காது.

இன்னொரு கைபேசியில் வாடிக்கையாளரைப் பிடித்தாள்.

"சார், நீங்க காட்டினது வலப்பக்கமா?"

"ஆமா. ஏன்?"

"இவரு லைன் பக்கம் போட்டுட்டிருக்காரு. வீட்ல யாரு இருக்கா?"

"யாரும் இல்லீங்க. வாட்ச்மேன்தான் திறந்து விட்டாரு. அவரை மேல அனுப்பட்டுமா?"

"படியேற நேரமில்லை சார். கீழயே மெயின் சுவிட்சை இறக்கச் சொல்லுங்க. கட்டடம் முழுக்க."

"மத்த வீட்டுக்காரங்க திட்டுவாங்களே."

"திட்டட்டும்."

மறுபடி கணவனுக்கு அடித்தாள். எடுக்கவில்லை. அடுத்ததிலும் எடுக்கவில்லை. 

கைபேசி அதிர்ந்தது. அவன்தான்.

"கரண்ட் போச்சு. நீ எதுக்கு இத்தனை தடவை கூப்பிட்டிருக்க?"

"எந்தப் பக்கம் போட்டீங்க?"

"நீ எழுதின பக்கம்."

"எவ்வளவு உள்ள போச்சு?"

"ஒரு விரல் போவும்."

"அந்தப் பக்கந்தாங்க மெயின் லைன். நான் பார்க்காம அனுப்பிட்டேன்."

  டார்ச்சைத் தட்டும் சத்தம் கேட்டது.

"வயர் போற பைப்பு தெரியுது. மிஷின் பல்லு அதுல பட்டிருக்கு." பிறகு கேட்டான்: "மெயினை இறக்கச் சொன்னது நீயா?"

"நான்தான்."

கீழே யார் யாரோ வாட்ச்மேனிடம் கத்துவது அவன் கைபேசி வழியாகவே கேட்டது.

"மெயினைத் திரும்ப ஏத்தவிடாத. மிஷினு இன்னும் சுவத்துக்குள்ளதான் இருக்கு. கழட்டிட்டு இறங்கறேன்."

அவள் இன்னொரு கைபேசியில் வாடிக்கையாளரிடம், "வாட்ச்மேன் மெயின் ரூம் சாவியைக் கையிலேயே வெச்சிருக்கட்டும் சார், யாரு கேட்டாலும் தரக்கூடாது" என்றாள். இந்தக் காதில் ஏணிப்படி ஒவ்வொன்றாகக் கிறீச்சிட்டது. கடைசிப் படிக்குப் பிறகு அவன் செருப்பைத் தேடி மாட்டுவது கேட்டதும்தான் உட்கார்ந்தாள்.