ஒரு சொல்லுக்கு மூன்று விண்ணப்பம்

என் கணவர் நகரத்துக்கும் லைங் தாயாவுக்கும் இடையே ஓடிய பஸ்ஸில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தார். இங்கே பர்மாவில் அந்த வேலை பார்ப்பவரை ஸ்பேர் என்பார்கள். எண்பத்தெட்டுப் போராட்டத்தில் ராணுவ அரசாங்கம் பல்கலைக்கழகத்தை மூடியபோது அவர் இரண்டாம் வருஷ மாணவர். மறுபடி திறந்தபோது வீட்டில் சம்பாதிக்க அவரை விட்டால் ஆள் இல்லை. நான் லைங் தாயாவில் ஒரு தையல் ஆலையில் சட்டைக்குக் காலர் வைத்துத் தைத்தேன். நான் குடியிருந்த தாகேதாவிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும், இரண்டாவது அவருடையது. அப்படித்தான் பழக்கமானோம்.

கல்யாணத்துக்குப் பிறகுதான் அவர் கதை எழுதுவார் என்று தெரிந்தது. பள்ளிக்கூட நோட்டுகளில், தமிழில், பஸ்ஸில் ஏறியவர்களைப் பற்றி. ஒரே இருக்கைக்காகத் தினமும் சண்டை போட்ட இரண்டு கிழவர்கள். ஒருவர் வராமல் போன பிறகு மற்றவர் அந்த இருக்கை காலியாக இருந்தும் நின்றுகொண்டே போனார். பிரசவ வலியோடு தப்பான பஸ்ஸில் ஏறிவிட்டு, சொல்ல வெட்கப்பட்டுக் கடைசி நிறுத்தம் வரை வந்த ஒரு பெண். பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் ஒன்பது நோட்டு சேர்ந்தது. எல்லாவற்றையும் ஒரே புத்தகமாகப் போட வேண்டும் என்று அவருக்கு ஆசை. நகரத்துக்குள் லத்தாவில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகக்காரர், அரசாங்கத் தணிக்கையில் அனுமதி வாங்கி வந்தால் அடித்துத் தருவதாகச் சொன்னார்.

பெயர்தான் அமையவில்லை. தொகுப்பு என்றால் யாரோ பொறுக்கிச் சேர்த்தது போல இருக்கிறது என்றார். திரட்டு என்றால் திரட்டுப்பால் நினைவுக்கு வருகிறதாம். கோவை, தொகுதி எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்துத் தள்ளினார். ஒருநாள் நடைபாதைக் கடையில் அட்டை போன ஆங்கில அகராதி ஒன்றைப் புரட்டிவிட்டு முகமெல்லாம் மலர வந்தார்.

“ஆம்னிபஸ்னு ஒரு சொல்லு. பஸ்ஸுக்கும் அதுதான் பேரு. ஒருத்தர் எழுதினதெல்லாம் ஒண்ணாக் கட்டின புத்தகத்துக்கும் அதுதான். எல்லாருக்கும் ஆனதுன்னு அர்த்தமாம். எனக்குன்னே வெச்ச மாதிரி இல்ல?”

அனுமதிக்குப் புத்தகம் முழுவதையும் பர்மிய மொழியில் சில பிரதிகள் எழுதித் தர வேண்டும். என் பர்மிய எழுத்து அவருடையதை விட நன்றாக இருக்கும். ஒன்றரை வருஷம், ஆலைக்கு விடுமுறையான ஞாயிறுகளில் உட்கார்ந்து மொழிபெயர்த்தேன். கோயிலில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடப்பதும் ஞாயிறுதான். எங்கள் மகளைக் கூட்டிப்போக ஆளில்லை. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

விண்ணப்பம் கொடுக்க நானும் கூடப் போனேன். தணிக்கை அலுவலகத்துப் பெண் சிறு வயதுக்காரி, அவரை அகோ, அதாவது அண்ணா, என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டாள். தலைப்பைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

“அகோ, இது பஸ்ஸைப் பற்றிய புத்தகமா?”

அவர் அகராதியில் படித்ததை விளக்கினார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பஸ் என்று இருப்பதால் பஸ் லைன் ஆபீஸிலிருந்து ஆட்சேபமில்லை என்று கடிதம் வேண்டும் என்றாள்.

கடிதம் கேட்கப் போன இடத்தில் அவர் வேலை பார்த்த லைனின் மேலாளர் பயந்துவிட்டார். பஸ்ஸில் யார் ஏறினார்கள், என்ன பேசினார்கள் என்று ஸ்பேர் ஒருவன் பத்து வருஷமாக எழுதி வைத்திருக்கிறான் என்பதுதான் அவர் காதில் விழுந்தது. கதை என்று இவர் சொன்னது விழவில்லை. கடிதமும் தரவில்லை. அந்த வாரக் கடைசியில் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

வேலைதான் போய்விட்டதே, புத்தகமாவது வரட்டும் என்று அவர் சொல்லை மாற்றினார். பர்மியத்தில் முழுத் தொகுப்பு என்பதற்கு உள்ள சொல்லைப் போட்டு மறுபடி கொடுத்தோம். அதே பெண். தொகுப்பு என்றால் ஏற்கெனவே வெளிவந்தவற்றின் தொகுப்புதானே, ஒவ்வொன்றும் எந்த அனுமதியில் வந்தது என்று பட்டியல் கேட்டாள். ஒன்றுகூட வெளிவந்ததில்லை. வெளியில் வந்து அவர் படியில் உட்கார்ந்து வெகுநேரம் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

மூன்றாவது முறை வெறுமனே சிறுகதைகள் என்று போட்டோம். தலைப்பு மாறியதால் எல்லாப் பிரதியையும் புதிதாக எழுதித் தரச் சொன்னார்கள். புதியதைக் கொடுத்தபோது பழையதையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். எட்டு மாதம் கழித்து ஒரு வரியில் பதில் வந்தது: அனுமதி இல்லை. காரணம் எழுதவில்லை. பிரதிகளையாவது திருப்பித் தரும்படி நான் போய்க் கேட்டேன். கொடுத்த தாள் அலுவலகத்துக்குச் சொந்தம் என்றாள் அந்தப் பெண். அவளுக்கும் வருத்தமாகத்தான் இருந்தது போலிருந்தது. என் கையெழுத்தில் இருந்த பர்மியக் கதைகள் ஒன்றுகூட வீட்டில் மிஞ்சவில்லை.

அவர் லத்தாவில் மொத்தக் கடைகளுக்கு மூட்டை தூக்கப் போனார். அதன் பிறகு எழுதவில்லை. எழுதச் சொல்லி நான் ஒருமுறை கேட்டேன். “யாருக்கு?” என்றார்.

மகள் வளர்ந்தாள். என்னை அம்மா என்பதற்குப் பர்மியத்தில் அமே என்றுதான் கூப்பிடுவாள். தமிழ் கேட்டால் புரியும், படிக்க வராது. பதினைந்து வயதில் ஒருநாள் பெட்டியிலிருந்து நோட்டுகளை எடுத்துப் புரட்டினாள்.

“அமே, இதுல அப்பா என்ன எழுதியிருக்காங்க?”

நான் வாங்கிப் படித்துக் காட்டினேன். தப்பான பஸ்ஸில் ஏறிய அந்தப் பெண்ணின் கதை. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். இரண்டு பக்கம் போயிருக்கும். “போதும், நிறுத்து” என்றார், திரும்பாமலே. அவர் குரலில் கோபம் இல்லை.

அந்தப் பெண்ணுக்குக் கடைசியில் என்ன ஆயிற்று என்று மகள் பர்மியத்தில் அவரிடம் கேட்டாள். மறந்துவிட்டது என்றார். எனக்கு நினைவிருந்தது. ஆனால் அவர் முன்னால் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மகள் நோட்டை மூடி வைத்துவிட்டுத் துணி எடுக்க வெளியே போனாள். மழை வரும்போல் இருந்தது. அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை.