நெற்றியில் போட்ட ஊதாக் கோடு

மூக்கில் வந்த புற்றுக்கட்டியை வெட்டியபோது நானாவின், என் அண்ணனின், பாதி மூக்கும் அதோடு போய்விட்டது. எட்டு மாதமாக மடவளைத் துணிக்கடையில் முகக்கவசத்தோடு நின்று துணி கிழித்துக் கொடுத்தார். எட்டு மாதமாக இரண்டு பஸ் மாறி அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய் வந்தேன். மழை, வரிசை, மறுபடி மழை. அவருக்கும் அலுத்துவிட்டது, எனக்கும் அலுத்துவிட்டது. “இந்த மொற நடக்காட்டி நான் திரும்ப வரமாட்டன்” என்று சொல்லிவிட்டுத்தான் ஆஸ்பத்திரி வாட்டில் படுத்தார்.

நெற்றித் தோலை இறக்கி மூக்கைக் கட்டுவதாக ஏற்பாடு. ஆனால் அந்த நெற்றியின் குறுக்கே பழைய விபத்துத் தழும்பு. அடியில் இரத்தம் ஓடும் வழி தெரியாமல் வெட்டினால், இறக்கிய தோல் கறுத்துச் செத்துவிடும். மறுபடி எடுக்க இடமும் இல்லை.

முந்திய நாள் யாழ்ப்பாணத்து டொக்டர் அம்மா ஸ்கேன் கருவியை அவர் நெற்றியில் வைத்து நகர்த்தினார். திரையில் கறுப்பு, கறுப்பு, கறுப்பு. இடது புருவத்துக்கு மேலே மட்டும் ஒரு சிவப்புக் கீற்று துடித்துத் துடித்து ஏறியது. அதன் வழியே ஊதாப் பேனையால் கோடு போட்டார்.

விடிந்தபோது கோட்டைக் காணோம்.

“கீறினதெல்லாம் எங்கை ஐயா?”

“சுபஹுக்கு வுழூ செஞ்ச டொக்டர். மை ஈந்தா தோல்ல தண்ணி படாதே. சவக்காரம் போட்டுத் தேச்ச.”

தொழுகைக்கு முன் முகம் கைகால் கழுவுவதை அவர் எந்த நோயிலும் விட்டதில்லை.

“அது வெறும் நிறந்தானே நானா, தண்ணி படும்” என்றேன்.

“நீ கவிதைய எழுது. மார்க்கத்த எனக்கு உடு.”

டொக்டர் சிரிக்கவில்லை. “திரும்ப ஸ்கேன் செய்யவேணும். அதுக்குள்ளை மற்ற ஆளைத் தியேட்டருக்கு எடுத்திடுவினம். நீங்கள் மத்தியானத்துக்குப் பிறகுதான். இன்னொருக்கா அழிச்சால் இண்டைக்கு இல்லை ஐயா. அடுத்த திகதி எப்பவெண்டு எனக்கே தெரியாது.”

மறுபடி கறுப்பு, தேடித் தேடி மறுபடி அந்தச் சிவப்பு. புதுக் கோடு விழுந்தது.

நண்பகல் லுஹர் தொழுகைக்கு என்ன செய்வது? சுபஹு நேரத்து வுழூ இன்னும் முறியவில்லை. கழிப்பறைக்குப் போனாலோ படுத்துத் தூங்கினாலோ முறியும். முறிந்தால் முகம் கழுவுவார்.

“என்னத் தூங்க உடாத தம்பி.”

துணி விலை, கலஹா பஸ், கிரிக்கெட் என்று பேசிக்கொண்டே இருந்தேன். சொல்லைப் பிடித்துக்கொண்டு பிழைக்கிற எனக்குச் சொல் தீர்ந்துபோனது. பதினொன்றரை இருக்கும், நானா கட்டிலில் பக்கவாட்டில் சரிந்தார். மெல்லிய குறட்டை. எழுப்பியிருக்க வேண்டும். எனக்கு எழும்பவே தெம்பில்லை. கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேரம் வந்ததும் தானாகவே கண் திறந்தார்.

“தூங்கினனா?”

“இல்ல நானா.”

கட்டிலில் இருந்தபடியே, நெற்றி எதிலும் படாமல் குனிந்து தொழுதார். வுழூ இல்லாத, கூடாத தொழுகை. அது எனக்கு மட்டும்தான் தெரியும். தள்ளுவண்டி வந்தபோது கோடு கலையாமல் இருந்தது.