டாக்டருக்கு மட்டும் அஸ்கா

என் வீட்டுக்காரர் சர்க்கரை நோய் டாக்டர். அவருக்கே சர்க்கரை நோய் இருந்தது. இந்த இரண்டாவது சேதி பீளமேட்டில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் அவருக்கு ஓர் ஆராய்ச்சி தலைக்கேறியது. மில்லில் வேலை பார்த்து அரிசிச் சோறு சாப்பிடுகிறவர்கள், காட்டில் உழுது பாடுபட்டுக் கம்பும் ராகியும் சாப்பிடுகிறவர்கள், இந்த இரண்டு பேர் உடம்பும் சர்க்கரையை ஒரே மாதிரிதான் செலவழிக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். மில்காரர்கள் பக்கத்திலேயே கிடைத்தார்கள். காட்டுக்காரர்களைத் தேடி அன்னூர்ப் பக்கம் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமையானால் கண்ணாடிக் குழாய், ஸ்பிரிட் விளக்கு, நீல மருந்து எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். சிறுநீரை அந்த மருந்தோடு சேர்த்துக் காய்ச்சினால், சர்க்கரை இல்லாதவருக்கு நீலமாகவே நிற்கும். அதிகமாக இருந்தால் செங்கல் நிறத்துக்கு மாறும்.

முன்பின் தெரியாத வீட்டில் போய்ச் சிறுநீர் கொடுங்கள் என்று கேட்பது லேசான காரியமா? முதலில் உட்கார வேண்டும், மழையைப் பற்றிப் பேச வேண்டும், கொடுக்கிற காப்பியைக் குடிக்க வேண்டும். வந்தவர் ஒன்றும் தொடாமல் எழுந்தால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு முகம் சுருங்கிவிடும். வீட்டு ஆட்களுக்கு நாட்டுச்சர்க்கரை, டாக்டருக்கு மட்டும் அஸ்கா. வெள்ளைச் சர்க்கரையை அப்படித்தான் சொல்வோம். மரியாதை கூடக் கூட அஸ்காவும் கூடும். ஒரு தடவை நானும் போயிருந்தேன். அவர் குடித்து வைத்த டம்ளரின் அடியில் கரையாமல் கிடந்ததைக் கரண்டியால் வழிக்கலாம் போலிருந்தது. அப்படி அன்றைக்கு நாலைந்து வீடு.

"வேண்டாம்னு சொன்னா என்னங்க?" என்று திரும்பும்போது பஸ்ஸிலேயே கேட்டேன்.

"மொதல்ல ஒரு ஊட்டுல சொல்லிப் பாத்தேன், அம்மணி. எனக்கும் சக்கரை இருக்குதுன்னு. அந்தம்மா பாவப்பட்டு ஆவாரம்பூக் கசாயம் வெச்சுக் குடுத்தாங்க. அடுத்த வாரம் போனா, 'உங்க நோவே தீரலீங்களே, எங்களுக்கெதுக்குங்க பரிச்சை'ன்னு தன்மையாச் சொல்லி அனுப்பிப்போட்டாங்க."

அதற்கப்புறம் அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஊசி மருந்தைக் கொஞ்சம் கூட்டிப் போட்டுக்கொண்டால் சரியாகிவிடும் என்பது அவர் கட்சி. சொல்லிப் பார்த்தேன், கத்திப் பார்த்தேன், ஒரு ஞாயிறு பெட்டியை அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்தும் வைத்தேன். சிரித்துக்கொண்டே எடுத்துப் போனார். அரைகுறையாக விட்டால் இதுவரை பட்ட பாடெல்லாம் வீண் என்றார். எனக்கு அந்தக் காட்டுக்காரர்கள் மேல்தான் கோபம் கோபமாக வந்தது. அவர்கள் என்ன செய்தார்கள், அன்பாகக் காப்பி கொடுத்தார்கள். அதற்குப் போய்ச் சண்டைக்கு நிற்க முடியுமா? இன்றைக்கும் அது எனக்கு ஆற மாட்டேன் என்கிறது.

சில வருஷம் போனதும் கண்ணுக்கு முன்னால் கறுப்பு நூல் மிதக்கிறது என்றார். பிறகு, வீட்டில் தன் சிறுநீரைக் காய்ச்சிவிட்டு, குழாயை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, "இது என்ன நெறம், பாத்துச் சொல்லு" என்று என்னைக் கேட்க ஆரம்பித்தார். செங்கல் நிறம்தான். சொல்வதற்கே எனக்கு நாக்குக் கூசும். மதராஸுக்குப் போய்க் கண் டாக்டரைப் பார்த்தோம். உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்.

ஆராய்ச்சிக் கட்டுரை அச்சாகி வந்தபோது அவருக்கு வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரிந்தது. வழவழப்பான தாளைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். பள்ளிக்கூடத்து இங்கிலீஷை வைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறிப் படித்தேன். நான் திக்கிய சொல்லையெல்லாம் அவரே எடுத்துக் கொடுத்தார். அவ்வளவும் மனப்பாடம். ரொம்ப நாளைக்கப்புறம் அன்றைக்குத்தான் அவர் முகம் தெளிந்திருந்தது.

கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். இந்த வட்டாரத்துச் சர்க்கரை நோயாளிகளுக்கு மருந்து கிடைப்பதைவிட உபசாரத்தைத் தட்டுவதுதான் கஷ்டம், யார் எதை நீட்டினாலும் வேண்டாம் என்று சொல்ல அவர்களைப் பழக்குவது டாக்டரின் முதல் வேலை என்று எழுதியிருந்தார். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் முந்திக்கொண்டு வந்தது.

"இத யாருக்குங்க எழுதுனீங்க?" என்றேன்.

அவர் கையை நீட்டித் தாளைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்குத்தான், அம்மணி," என்றார். "எழுதறதுக்குக் கை வந்துது. சொல்றதுக்கு வாய் வரலையே."