சுடலைமுத்து அண்ணாச்சியின் இரண்டு கால்கள்

சுடலைமுத்து அண்ணாச்சி போய்விட்டார். இன்று காலையில்.

ஏரல் பஜாரில் கருப்பட்டி மண்டி வைத்திருந்தாரே, அதே அண்ணாச்சிதான். கொழும்பிலும் தூத்துக்குடியிலும் இருக்கிற நம் ஆட்களுக்கும் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

ஆற்றுக்கு நடந்து போய்க் குளித்துவிட்டு வந்திருக்கிறார். "செத்த நேரம் படுக்கேன்" என்று பாயில் சாய்ந்தவர்தான்... எழுந்திருக்கவில்லை.

நடந்து போய், நடந்து வந்திருக்கிறார். எனக்கு அழுகையும் வருகிறது, பெருமையாகவும் இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

அவர் மண்டிக்கு எதிரே என் ஜவுளிக்கடை. காலையில் கடை திறந்தால் முதலில் தெரிவது அவர் முகம்தான்.

கருப்பட்டி வியாபாரத்தில் ருசி பார்க்காமல் விலை பேச முடியாது. ஒவ்வொரு சிப்பத்திலும் ஓரத்தை உடைத்து வாயில் போட வேண்டும். உடன்குடி வண்டிகள் வந்து நிற்கிற நாளில் அண்ணாச்சியின் வாய் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

அவருக்கு நீரிழிவு. ஊருக்கே தெரியும், அவருக்கும் தெரியும். கொல்லையில் அவர் ஒதுங்கிய இடத்தில் எறும்பு மொய்க்கும்.

"எறும்புக்கும் நாந்தாம்வே சோறு போடுதேன்" என்று கல்லாவில் உட்கார்ந்து சிரிப்பார்.

இனிப்பை விடுங்கள் என்று வைத்தியர் சொன்னால் வருஷக்கணக்காக ஒரே பதில்தான். "சீனியவா திங்கேன்? இது கருப்பட்டிலா வே! பிள்ள பெத்தவளுக்கே மருந்துன்னு குடுக்காவ."

பஜாரே தலையாட்டும். கருப்பட்டியைக் குறை சொல்ல ஏரலில் யாருக்கு வாய் வரும்?

டில்லி தர்பார் நடந்த வருஷம் இடது கால் பெருவிரலைச் செருப்பு கடித்தது. சின்னப் புண். ஆறவே இல்லை. வீங்கி, சீழ் வைத்து, கிட்டே போனால் வாடை.

வண்டி கட்டிப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். நானும் மதினியும். மதினி என்றால் அவர் மனைவி பேச்சியம்மாள்.

டாக்டர் ஒளித்துப் பேசவில்லை. "ஆபரேஷன் செய்து விரலை எடுக்க வேண்டிவரும். இப்படியே திரிந்தால் காலும் போகும், ஆளும் போகும்" என்றார்.

அந்த நேரத்திலும் அண்ணாச்சிக்குக் கேலி! "நான் செத்தா ரெண்டு பெருவிரலையும் சேத்துக் கட்டணுமே டாக்டரய்யா... ஒத்த விரல எதோட கட்டுவாவ?"

யாரும் சிரிக்கவில்லை. மதினி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். அதைப் பார்த்துத்தான் அண்ணாச்சி முகம் செத்தது. அந்த மனுஷன் பயந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"ஒரு வழியும் இல்லையா அய்யா?" என்றார், பைய.

பொங்கல் வரை தவணை கொடுத்தார் டாக்டர். புண்ணைத் தினமும் கழுவிக் கட்ட வேண்டும். சோறு பாதி. சீனி, வெல்லம், கருப்பட்டி, ஒன்றும் நாக்கில் படக் கூடாது. புண் மேலே ஏறினால் கத்திதான்.

வீட்டில் எல்லாம் நடந்தது. பாகற்காயும் கீரையும் மோரும்தான் சாப்பாடு. சாயங்காலம் ஆனால் மதினி விளக்கை வைத்துக்கொண்டு உள்ளங்கால் இரண்டையும் தடவித் தடவிப் பார்ப்பார்.

ஆனால் மண்டி?

மறுவாரம் உடன்குடி வண்டி வந்தது. வண்டிக்காரர் ஓரத்தை உடைத்து நீட்டினார். பழகின கை... வாய்க்குக் கிட்டே போய்விட்டது. பஜார் மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது.

கையை இறக்கினார். பின்கட்டைப் பார்த்துக் கூப்பிட்டார். "ஏளா... இங்கன வா."

மதினி கடைப் பக்கம் வந்ததே இல்லை. தயங்கித் தயங்கி வந்து, கருப்பட்டியை வாயில் போட்டு, கண்ணை மூடி, "பதனியில சுண்ணாம்பு கூடிட்டு" என்றார். வண்டிக்காரர் முகம் போன போக்கு!

"பொம்பள நாக்க நம்பியா அண்ணாச்சி யாவாரம்?" என்று பக்கத்து மண்டிக்காரர் வம்புக்கு இழுத்தார்.

"ஆமாவே. என் ரெண்டு காலும் அவ நாக்குலதான் நிக்கி" என்றார் அண்ணாச்சி. அதோடு பேச்சு அடங்கியது. அன்றிலிருந்து மதினிக்குக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு மணை.

ஒரு நாள் விடிந்ததும் கொல்லையிலிருந்து கூச்சல். "வே! ஓடி வாரும் வே!"

விழுந்துவிட்டார் என்று நினைத்துக் கையில் இருந்த கெஜக்கோலோடு ஓடினேன். தென்னைமரத்தடியில் நின்று தரையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"நல்லாப் பாரும். ஒரு எறும்பு இருக்கா?"

குனிந்து பார்த்தேன். "ஒண்ணுகூட இல்ல அண்ணாச்சி."

"பட்டினி போட்டுட்டேன்லா!" என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கோழியெல்லாம் பறந்தது.

பொங்கலுக்குக் கட்டை அவிழ்த்துப் பார்த்த டாக்டர், "கத்திக்கு வேலை இல்லை" என்றார். புதுத் தோல் வந்திருந்தது.

திரும்பும்போது ஏரலுக்குள் நுழைந்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டார். மதினி ஏசிக்கொண்டே பின்னால் வர, பஜார் நெடுக நடந்தார். ஒவ்வொரு கடையிலும் நின்று காலைத் தூக்கிக் காட்டினார். சாமி புறப்பாட்டுக்குக்கூட அவ்வளவு பேர் வாசலுக்கு வந்ததில்லை.

அதற்குப் பிறகு ஐரோப்பாவில் பெரிய சண்டை தொடங்கி, முடிந்தும் போனது. அண்ணாச்சி நடந்துகொண்டுதான் இருந்தார். சாயங்கால விளக்கும் நிற்கவில்லை, மணையும் காலியாகவில்லை.

இன்றைக்கு என் கடையிலிருந்துதான் வெள்ளைத் துணி கிழித்துக் கொண்டு போனேன். பெரியவர் ஒருவர் கால்மாட்டில் குனிந்தார்.

"இருங்க. நான் கட்டுதேன்" என்று மதினி வாங்கிக்கொண்டார். பழக்கம் விடுமா... முதலில் உள்ளங்கால் இரண்டையும் தடவிப் பார்த்தார். அப்புறம்தான் கட்டினார்.

கட்டியாச்சு அண்ணாச்சி. ரெண்டு பெருவிரலையும் சேர்த்துத்தான்.

போய்ட்டு வாங்க.