கறுப்புக் கயிறும் சிவப்புக் கயிறும்

எனக்கு இரட்டைப் பெண்கள். உருவத்தில் அச்சு அசல். குணத்தில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பெரியவள் விடிந்ததிலிருந்து வீல் வீலென்று கத்துவாள். சின்னவள் சாது, ஈ மொய்த்தாலும் சும்மா கிடப்பாள். எதற்கும் இருக்கட்டும் என்று பெரியவள் இடுப்பில் கறுப்புக் கயிறும் சின்னவளுக்குச் சிவப்பும் கட்டியிருந்தேன்.

எழுபதுகளின் தொடக்கம். மந்தைவெளியில் ஒண்டுக்குடித்தனம். குழந்தைகளைக் குளிப்பாட்ட ஆற்றோரக் குடிசையிலிருந்து ஒரு பெண் வருவாள். ஐந்தாம் மாதம் கயிறுகள் இறுகிவிட்டன. ஒரு நாள் இரண்டையும் அறுத்துவிட்டு, குளித்தபின் புதுசு கட்டலாம் என்றிருந்தோம். நடுவில் பால் பொங்குகிற வாசனை. அடுப்படிக்கு ஓடினேன். திரும்பி வந்தால் இரண்டும் துண்டில் சுற்றிப் பாயில் கிடந்தன, ஒன்று அலறிக்கொண்டு.

"இதுல பெரியவ யாரு?" என்றேன்.

"இன்னாமா கேக்குற, கத்திக்கினு கீது பாரு, இதான் பெர்சு."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அலறியவளுக்குக் கறுப்பைக் கட்டினேன். சாம்பிராணி காட்டும்போதுதான் பார்த்தேன், அவளுடைய வலது கண் சிவந்திருந்தது. பயத்தமாவு பட்டிருக்கிறது. கண்ணில் மாவு பட்டால் எந்தச் சாதுதான் கத்தாது? கயிற்றை மாற்றிக் கட்டிவிட்டேனோ?

பெற்றவளுக்குத் தெரியாதா என்பீர்கள். தெரியவில்லையே. அடையாளத்துக்கு ஒரு மச்சம் கிடையாது. அன்று மத்தியானம் கறுப்பு தூங்கியது, சிவப்பு அழுதது. மறுநாள் இரண்டும் அழுதன. அதற்கடுத்த நாள் இரண்டும் சிரித்தன. எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. கணவரிடம் சொன்னேன். "ரெண்டும் நம்ம பொண்ணுதானே, விடு" என்று பேப்பரைப் புரட்டினார். அவருக்கென்ன.

நாளாக ஆகக் கறுப்புதான் கத்தியது. அப்பாடா, மாறவில்லை என்று நிம்மதியானேன். பிறகுதான் இன்னொன்று உறைத்தது. "ஆரம்பிச்சுட்டியா அழுமூஞ்சி" என்று சொல்லித்தான் அவளைத் தூக்குவேன், வெடுக்கென்று. மற்றவளை "என் சமத்து" என்று கொஞ்சுவேன். கத்தியதால் அழுமூஞ்சி ஆனாளா, அழுமூஞ்சி என்றதால் கத்தினாளா? இன்றும் எனக்குப் புரியவில்லை.

இப்போது அவளுக்கும் நரைத்துவிட்டது. போன வாரம் ஏதோ அற்ப விஷயத்துக்கு என்மேல் எரிந்து விழுந்தாள். பிறகு தானே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னம்மா பண்றது, பிறவிக் குணத்துக்கு மட்டை வச்சுக் கட்டினாலும் தீராதுன்னு நீதானே சொல்லுவே."

ஆமாம் என்று தலையாட்டினேன். அவளுடைய வலது கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.