நாற்பத்து மூன்றாம் குச்சி

எங்கள் கல்லூரியில் வெர்லின் ஹௌகனுக்குப் பயப்படாத விளையாட்டுப் பிள்ளை கிடையாது. இத்தனைக்கும் மனிதர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. அயோவாவின் இந்த மூலையில் நார்வேக்காரர்களின் வாரிசுகள் யாருமே குரலை உயர்த்த மாட்டார்கள், அது வேறு விஷயம். யார் விளையாடலாம், யார் கூடாது என்று விதிப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்வதுதான் வெர்லினின் வேலை. நான் லோயிஸ். பதினாறு வருஷமாக அவருக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்து டிக்கெட் விற்கிறேன். அவரைப் பற்றிப் பேச என்னைவிட உரிமை உள்ளவள் அவர் மனைவி ஜோலீன் மட்டும்தான், அவளுக்கு அதில் அலுப்புத் தட்டிவிட்டது.

விளையாட்டுப் பிள்ளைக்குத் தனிச் சலுகை காட்டுவது மாதிரி ஏதாவது தப்பு நடந்தால், போட்டிகளை நடத்தும் லீக்குக்கு நாமே எழுதிப் போட்டுவிட வேண்டும் என்பது இந்தத் தொழிலின் வழக்கம். மற்ற கல்லூரிகளில் வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ எழுதுவார்கள். வெர்லின் மாதம் நான்கு எழுதுவார். கொட்டும் மழையில் கோச் ஒரு பையனைக் காரில் ஏற்றி விடுதியில் இறக்கினாரா, எழுது. சர்ச் விருந்தில் ஜோலீன் ஒரு வாலிபால் பெண்ணின் தட்டில் இரண்டாவது எலுமிச்சை கேக் துண்டை வைத்தாளா, அதையும் எழுது. அதற்காக ஜோலீன் நாலு நாள் அவரிடம் பேசவில்லை. மனிதர் பட்டினி கிடந்தாரே தவிர, எழுதியதைத் திரும்பப் பெறவில்லை.

சின்னக் கல்லூரி என்பதால் எல்லோருக்கும் இரண்டாவது வேலை ஒன்று உண்டு. புல்வெளியும் மேடுமாக நெடுந்தூரம் ஓடும் கிராஸ் கன்ட்ரி போட்டி நடக்கும் நாட்களில் வெர்லின் முடிவுக் கோட்டில் நிற்பார். கோட்டைத் தாண்டியதும் ஒருவர் பின் ஒருவராய்ப் போக, கயிறு கட்டிய சந்து ஒன்று இருக்கும். அதன் வாயில் நின்றுகொண்டு, நம்பர் எழுதிய ஐஸ் குச்சிகளை வந்த வரிசையில் கையில் கொடுப்பார். குச்சியைக் கொண்டுபோய் மேஜையில் பெயர் சொன்னால் அதுதான் உங்கள் இடம். முகத்தைப் பார்த்தால் பாரபட்சம் வந்துவிடும் என்று வெர்லின் கைகளை மட்டும்தான் பார்ப்பார். அந்தக் குச்சி வேலையில் அவருக்கு இருந்த பெருமை, சம்பளம் வாங்கும் வேலையில்கூட இருந்ததில்லை.

இப்போது கேரா நோவாட்னியின் கதைக்கு வருகிறேன். அவள் வேறொரு கல்லூரியில் மூன்று வருஷம் ஓடியவள். டக் ஸ்டெம்பர் என்ற கோச் அவள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, அவள் அம்மா செய்த, நடுவில் பழக்கூழ் வைத்த கொலாச்சி பன்னை ஆறு தின்றுவிட்டு, "நாலு வருஷமும் உங்க பொண்ணை நான் பாத்துக்கறேம்மா" என்று சொல்லித்தான் அவளை அங்கே சேர்த்தார். மூன்றாவது வருஷக் கடைசியில் இன்னும் பெரிய கல்லூரி ஒன்று கூப்பிட்டது. இரண்டே வாரத்தில் ஸ்டெம்பர் புதுக் கலரில் ஜாக்கெட் போட்டுக்கொண்டு விசில் ஊதிக்கொண்டிருந்தார். புதிதாக வந்த கோச்சுக்கு நெடுந்தூரம் ஓடுகிறவர்கள் மேல் அக்கறையில்லை. கேரா எங்களிடம் வந்து சேர்ந்தாள்.

கல்லூரி மாறினால் ஒரு வருஷம் உட்கார வேண்டும், அதுதான் விதி. டீமோடு பயிற்சி செய்யலாம், போட்டியில் ஓடக் கூடாது. கேராவுக்கு மீதி இருந்தது ஒரே ஒரு சீசன். உட்கார்ந்து முடித்தால் அடுத்த வருஷம் அதை ஓடலாம். நடுவில் ஒரு போட்டியில் ஓடினால்கூட அந்தச் சீசன் செலவானதாகக் கணக்கு, அதோடு கதை முடிந்தது. கோச் மாறினால் எத்தனை நாள் உட்கார வேண்டும் என்று நான் வெர்லினிடம் கேட்டேன். புத்தகத்தில் அப்படி ஒரு அத்தியாயம் இல்லை என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்டோபரில் எங்கள் ஊர் கால்ஃப் மைதானத்தில் போட்டி நடந்தது. ஸ்டெம்பரும் தன் புது டீமோடு வந்திருந்தார். முந்தின நாள் மழையில் தரையெல்லாம் சேறு. கேரா ஜீன்ஸ் போட்டுக்கொண்டு, எல்லோருடைய கோட்டையும் கையில் சுமந்துகொண்டு நின்றாள். கடைசித் திருப்பத்தில் எங்கள் பெண் ஒருத்தியின் ஷூ சேற்றில் சிக்கிக் கழன்றுவிட்டது. அவள் ஒற்றைக் காலில் ஷூவோடு ஓடினாள். கேரா கோட்டுகளைக் கீழே போட்டாள், ஷூவைப் பிடுங்கி எடுத்தாள், பின்னாலேயே ஓடினாள். ஓடிய வேகத்தில் தன் தோழியைத் தாண்டி, இன்னும் நாலு பேரைத் தாண்டி, நேராகக் கயிற்றுச் சந்துக்குள் போய்விட்டாள்.

வெர்லினுக்கு ஒரு கை தெரிந்தது. நாற்பத்து மூன்றாம் குச்சியை அதில் வைத்தார். கேரா திருப்பிக் கொடுக்கப் பார்த்தாள். "குடுத்தது குடுத்ததுதாம்மா, நகரு, பின்னால ஆள் வருது" என்றார், தலையைத் தூக்காமலே. மேஜையில் இருந்த பெண் பெயரைக் கேட்டாள். நல்லபடி வளர்ந்த பிள்ளை, பெயரையும் கல்லூரியையும் சொல்லிவிட்டது.

முடிவுத்தாளில் கேரா நோவாட்னி நாற்பத்து மூன்று. நாற்பத்து நாலாவதாக வந்தவள் ஸ்டெம்பரின் டீம் பெண். இந்த ஓட்டத்தில் வந்த இடத்தின் எண்தான் புள்ளி, கூட்டினால் குறைவாக வரும் டீம் ஜெயிக்கும். ஸ்டெம்பரின் டீம் எங்களிடம் ஒரே ஒரு புள்ளியில் தோற்றிருந்தது. தாளைப் பார்த்த ஸ்டெம்பருக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. உட்கார வேண்டிய பெண்ணை ஓட விட்டார்கள் என்று அன்றைக்கே லீக்குக்குப் புகார் போனது.

திங்கட்கிழமை வெர்லின் பதினொரு பக்க அறிக்கை எழுதினார். ஷூ கொடுக்க ஓடினாள் என்று ஒரு வரி போட்டால் போதுமே என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். மனிதர் கேட்கவில்லை. ஷூவின் அளவு முதற்கொண்டு எழுதினார். அன்று காலை டீம் கூடையிலிருந்து கேரா ஒரு வாழைப்பழம் எடுத்துத் தின்றதையும் எழுதினார். அந்த வாழைப்பழத்துக்காக அவரை ஜன்னல் வழியாகத் தள்ளிவிடலாமா என்று எனக்கு ஒரு நிமிஷம் தோன்றியது உண்மை.

மதியம் கேரா வந்து அவர் மேஜை முன்னால் நின்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"மிஸ்டர் ஹௌகன், என் கடைசி வருஷம் போயிடுச்சா?"

"தெரியலம்மா. தப்பு என்னுது. அதை முதல் பக்கத்துலயே எழுதியிருக்கேன்."

"கோச் ஸ்டெம்பர் எங்களை விட்டுட்டு ஓடினாரு. அவரை யாரும் உக்கார வைக்கல. நான் நூறு கெஜம் ஓடினதுக்கு எனக்குத் தண்டனையா?"

அவள் போன பிறகு வெர்லின் வெகுநேரம் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அப்புறம் இழுப்பறையிலிருந்து ஒரு ஃபாரத்தை எடுத்தார். கல்லூரி மாறி வரும் பிள்ளைகளைப் பற்றிப் பழைய கல்லூரியிடம் விசாரிக்கிற சாதாரண ஃபாரம்தான். மாறியவர் பெயர் என்ற கட்டத்தில் அச்செழுத்தாக எழுதினார்: டக் ஸ்டெம்பர். நான் நாற்காலியிலிருந்து விழாத குறை.

பத்து நாள் கழித்து லீக் தலைவி ஆர்டிஸ் போல் ஃபோனில் விசாரணை வைத்தார். ஸ்டெம்பர் தன் ஊரிலிருந்து பேசினார். வெர்லின் எங்கள் மேஜையில் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு கோட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டார், யாரும் பார்க்கப் போவதில்லை என்றாலும். ஸ்டெம்பர் விதி விதி என்று கால்மணி நேரம் முழங்கினார். பிள்ளைகளுக்கு ஒழுக்கம் வேண்டாமா, நினைத்த இடத்துக்குத் தாவினால் டீம் என்று ஒன்று மிஞ்சுமா என்றெல்லாம் கேட்டார். வெர்லினின் முறை வந்தது. ஸ்டெம்பரின் பழைய கல்லூரிக் குமாஸ்தா பூர்த்தி செய்து அனுப்பிய ஃபாரத்தை, குரலை ஏற்றாமல் இறக்காமல், ஸ்டெம்பர் காதில் விழும்படி வாசித்தார்.

"மாறியவர், டக் ஸ்டெம்பர். விலகின தேதி, மே பதினெட்டு. புது இடத்துல வேலையை ஆரம்பிச்சது, ஜூன் ஒண்ணு. உட்கார்ந்த காலம், இல்லை. நல்லபடியா விலகினாரா? இல்லை, இன்னும் ரெண்டு வருஷ ஒப்பந்தம் பாக்கி."

"என்னய்யா இது? கோச்சுக்கெல்லாம் இந்த விதி கிடையாது" என்று ஸ்டெம்பர் சீறினார்.

"கிடையாதுதான் கோச். கிடையாதுங்கறதையும் ரெக்கார்டுல ஏத்திடுங்கன்னு கேக்கறேன்."

பிறகு ஆர்டிஸ் மூன்று கேள்வி கேட்டார். அந்தப் பெண் சட்டையில் நம்பர் குத்தியிருந்ததா? இல்லை. ஆரம்பக் கோட்டில் நின்றாளா? இல்லை. என்ன போட்டிருந்தாள்? ஜீன்ஸ். ஆரம்பிக்காத ஒன்றை முடித்ததாக எழுத எனக்கு மனசு வரவில்லை என்றார் ஆர்டிஸ். கேராவின் சீசன் தப்பித்தது. எங்கள் வெற்றி ஸ்டெம்பருக்குப் போனது. ஆனால் தவறு நடந்திருக்கிறதே, யார் பெயரிலாவது எழுத வேண்டுமே. குச்சி கொடுத்தவர் தன் பெயரைத்தான் முதல் பக்கத்திலேயே கொடுத்திருந்தார். ஒரு வருஷம் எந்தப் போட்டியிலும் அவர் முடிவுக் கோட்டில் வேலை செய்யக் கூடாது என்று தீர்ப்பானது.

சின்னத் தண்டனைதானே, தலை தப்பியதே என்று நான் நினைத்தேன். வெர்லின் முகம் தொங்கிவிட்டது. வீட்டில் குச்சிகளை வைத்துப் பயிற்சியாவது செய்யலாமா என்று லீக்குக்குக் கடிதம் எழுதினார். பயிற்சி செய்யலாம், டீம் வண்டியில் வரக் கூடாது என்று பதில் வந்தது. ஜோலீன் தினமும் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி வேகமாக நடந்து வர, அவர் குச்சி கொடுத்துப் பழகினார் என்பது ஜோலீனே என்னிடம் சொன்னது. போட்டிகளுக்குத் தன் சொந்தக் காரில் வருவார், ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு கயிற்றுக்கு வெளியே நிற்பார், கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பையில் விடுவதும் எடுப்பதுமாக இருப்பார். பார்க்கவே பாவமாக இருந்தது.

அடுத்த செப்டம்பர் முதல் போட்டியில் கேரா எங்கள் சட்டையோடு ஆரம்பக் கோட்டில் நின்றாள். குச்சி கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்திருந்தது. இருபதாம் குச்சியையும் இருபத்தொன்றையும் மாற்றிக் கொடுத்துவிட்டேன். வெர்லின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தார், சொல்லிக் கொடுத்தால் அதுவும் வேலை செய்ததாகிவிடுமே என்று மூடிக்கொண்டார். மூன்று தடவை அப்படி நடந்தது.

கேரா ஒன்பதாவதாக வந்திருந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு, முழங்கால் வரை சேற்றோடு, கயிற்றோரம் அவரிடம் போனாள். வெர்லின் கைகொடுத்தார். அப்புறம், இத்தனை வருஷத்தில் எத்தனையோ பிள்ளைகளை உட்கார வைத்த மனிதர், ஒருத்தியிடமும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"இந்த ஒரு வருஷத்தை எப்படிம்மா தாங்கின?"

"எங்க தாங்கினேன், மிஸ்டர் ஹௌகன். ஷூவைக் குடுக்கறதுக்கு எதுக்கு அஞ்சு பேரைத் தாண்டணும்?"

லீக்குக்குப் போன அந்தப் பதினொரு பக்க அறிக்கையில் இல்லாத பன்னிரண்டாம் பக்கம் அது. வெர்லின் என்னைப் பார்த்தார், நான் மீதிக் குச்சிகளை எண்ணுகிற மாதிரி குனிந்துகொண்டேன். அவர் குரல் மட்டும் கேட்டது. ரொம்ப நல்ல ஓட்டம், போய்த் தண்ணி குடி என்றார். அன்றைக்கும் அதற்கு மறுநாளும் அவர் லீக்குக்கு எதுவும் எழுதவில்லை.