ஆரோக்கியசாமி சார் பாக்காத சூளை

ஸ்ரீமுஷ்ணத்துல பெருமாளச் சேவிச்சிட்டு விருத்தாசலம் பஸ்ஸுல ஏறி ஒக்காந்தேன், எங்க ஹாஸ்டல்ல இருந்து படிச்ச கனிமொழி போன் பண்ணுச்சு. "அத்த, நம்ம ஆரோக்கியசாமி சார் காலையில தவறிட்டாரு"ன்னு சொல்லிட்டு மேல பேச முடியாம அழுவுது. கையில துளசி அப்படியே இருந்துச்சு. எங்க வூட்டுக்குப் போவல, நேரா சார் வூட்டுக்குத்தான் போனேன்.

முப்பதாம் நாள் பூசைக்கு அவருகிட்ட படிச்ச புள்ளைங்க ஒரு புஸ்தகம் போடறாங்க. நீங்களும் எழுதித் தாங்க அத்தன்னாங்க. நான் எட்டாவதோட நின்னவ, பொண்ணுங்க ஹாஸ்டல்ல சமையல் பண்றவ. எழுதற மாதிரி வராது, பேசற மாதிரிதான் வரும். பொறுத்துக்குங்க.

சாரு முப்பது வருசத்துக்கு மேல நம்மூரு காலேஜுல பீங்கான் பாடம் நடத்துனவரு. ஞாயித்துக்கெழம சர்ச்சுல பூசை தவறாத வேதக்காரரு. ஆனா நம்மூர்ல சூளைக்கு நெருப்பு வெக்கிறதுக்கு முன்னால மஞ்ச குங்குமம் வெச்சு கற்பூரம் காட்டுவாங்கல்ல, அப்ப செருப்பக் கழட்டிட்டு கை கட்டி நிப்பாரு. "நீங்க எதுக்கு சார்?"னு ஒருக்கா கேட்டேன். "நாலு பேரு கஞ்சி அதுக்குள்ள வேவுது செல்விம்மா. கும்புடாட்டியும் மரியாத வேணாமா?"ன்னாரு.

மூணு வருசத்துக்கு முன்னால இத்தாலியில ஒரு டைல்ஸ் பேக்டரியில மூணு நாளு வந்து பாருங்கன்னு நம்ம புள்ளைங்கள கூப்புட்டாங்க. கூட ஒரு பெரிய பொம்பள வந்தாத்தான் அனுப்புவோம்னு பொண்ணுங்களப் பெத்தவங்க சொல்லிட்டாங்க. சாரு எனக்கு பாஸ்போர்ட்டு எடுத்துட்டாரு.

பிளேன்ல சாரு பேசுனது பூரா அந்தச் சூளையப் பத்தித்தான். நம்ம தெரு நீளமாம், அணையறதே இல்லயாம். ஒரு பக்கம் பச்ச மண்ணா உருளை மேல உள்ள போயி, மறுபக்கம் டைல்ஸா வெளிய வருதாம். "முப்பது வருசமா போர்டுல வரஞ்சே ஓட்டிட்டேன். வெளிய வர்ற பக்கத்த ஒரு தரம் கண்ணால பாத்துட்டா போதும்"னாரு.

மொத நாளு சூளை முன்னால போயி நின்னோம். எனக்கு ஒடம்பு சிலுத்துப் போச்சு. எவ்ளோ பெரிய அக்கினி, ஒரு பொட்டு குங்குமம் இல்லாம கெடக்குதேன்னு மனசு கேக்கல. எல்லாரும் அந்தாண்ட பாக்கறப்போ, முந்தானையில முடிஞ்சிருந்த கற்பூரத்தக் கொளுத்திட்டேன்.

எவனோ தீய மட்டும் பாத்துட்டு ஓடியாந்து செவப்பு பட்டன அமுக்கிட்டான். சைரன் கத்துது, உருளையெல்லாம் நின்னுபோச்சு. எங்கள வெளிய கொண்டாந்து நிறுத்திட்டாங்க. யாருன்னு சொல்லுங்க, இல்லாட்டி மொத்தப் பேரும் இப்பவே கெளம்புங்கன்னு மேனேஜரம்மா நிக்குது. புள்ளைங்க கத்துக்கத்தான் அவ்ளோ தூரம் வந்தது. நான் கற்பூர முடிச்ச இடுப்புல சொருகிக்கிட்டேன்.

சாரு முன்னால போயி இங்கிலீசுல என்னமோ சொன்னாரு. கனிமொழி என் காதாண்ட வந்து, "தாந்தான் கொளுத்துனதா சொல்றாரு அத்த. வேதக்காரரு கற்பூரம் கொளுத்துவாரான்னு இந்தம்மாவுக்கு எங்க தெரியும்"னுச்சு.

எங்கள உள்ள விட்டாங்க. சார மட்டும் விடல. மீதி ரெண்டு நாளும் வாசல் கேட்டாண்ட பெஞ்சுல, அந்தக் குளிருல, மப்ளரச் சுத்திக்கிட்டு ஒக்காந்திருந்தாரு. மத்தியானம் நான் வெளிய வந்து, "உண்மையச் சொல்லிடறேன் சார்"னு அழுதேன்.

"சும்மா இருங்க செல்விம்மா. ஒங்கள அனுப்பிட்டா பொண்ணுங்களும் கூட கெளம்பணும். கற்பூரம் மீதி இருக்குதா?"

"இருக்குது சார்."

"மொதல்ல அத இங்க குடுங்க."

சாயங்காலம் புள்ளைங்க வந்ததும் நோட்ட விரிச்சிடுவாரு. "வெளிய வர்ற பக்கம் எப்படி இருக்குது?"ன்னு கேப்பாரு. "தோச மாதிரி வரிசையா வருது சார்"னுச்சு கனிமொழி. "அந்த தோச வேவறதுக்கு எவ்ளோ நேரமாவுது, அதச் சொல்லு"ன்னு கேட்டுக் கேட்டு வரஞ்சாரு. டைல்ஸ் வெளிய வர்ற அந்தப் பக்கத்த நான் பாத்தேன். சாரு பாக்கல.

ஊருக்கு வந்தும் தப்பு என்னுதுன்னே காலேஜுல எழுதிக் குடுத்துட்டாரு. அடுத்த தடவ இத்தாலி போன புள்ளைங்களோட வேற வாத்தியார அனுப்புனாங்க. வாய் ஓயாம பேசறவ நானு, இத மட்டும் பேசல. இப்ப சொல்றேன், எல்லாரும் தெரிஞ்சுக்குங்க. கொளுத்துனது நான்தான். சாரு மேல ஒரு தப்பும் இல்ல.

கல்லறையில பாதர் ஜெபம் சொல்றப்ப உச்சி வெயிலு. சூளை முன்னால அவரு நிப்பாரே, அது மாதிரி செருப்பக் கழட்டி ஓரமா வெச்சிட்டு கை கட்டி நின்னேன். காலு சுட்டுச்சு. முடியற வரைக்கும் நகரல.

போயிட்டு வாங்க சார். இந்தத் தடவ ஒங்கள எந்த கேட்டுலயும் நிறுத்த மாட்டாங்க. அந்தப் பக்கத்த ஆற அமர நின்னு பாருங்க.